பாலாற்று நீரும் தொழிலாளர் சோறும்

2025-ஆம் ஆண்டுத் தசலட்சணப் பருவத்தின் ஆறாம் நாள், உத்தம சம்யமம் என்னும் தர்மத்தைப் பற்றி எங்கள் ஊர் ஜினாலயத்தில் சொற்பொழிவு நடைபெற்றது. புலனடக்கம், உயிர்க்காப்பு என்று சம்யமம் இருவகைப்படும் என்பதை விளக்கி வந்த பெரியவர், அவ்வாண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் பாலாறு மாசுபட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை எடுத்துக்காட்டாகக் கூறினார். பாதிக்கப்பட்டோர்க்கு அரசு இழப்பீடு வழங்கி அத்தொகையை மாசுபடுத்தியோரிடம் பெறவேண்டும் என்றும், ஆற்றைச் சீர்செய்யக் குழு அமைக்க வேண்டும் என்றும் ஆணையிட்ட தீர்ப்பு அது. "தோல் தொழில் நம் முன்னோர் விலக்கிய தொழில். அந்த ஆலைகள் அனைத்தும் மூடப்படும் நாளே நமக்கு நன்னாள்" என்று அவர் முடித்தபோது, மண்டபத்தில் இருந்த பலரும் தலையசைத்தனர். நானும் அசைத்தேன்.

அப்போது பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். வேதியியல் பயின்றவர். வாணியம்பாடிப் பக்கம் தோல் ஆலைகளின் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் பணியாற்றுகிறார். "ஐயா, அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களும் பஞ்சேந்திரிய ஜீவன்கள் தாமே? ஆலையை மூடிய மறுநாள் அவர்கள் உண்பது எதை?" என்று கேட்டார். பெரியவர் இறுதியில் விடை கூறுவதாகச் சொன்னார். பிறகு ஆரத்திக்கு மணி அடித்துவிட்டார்கள். விடை கூறப்படாமலே கூட்டம் கலைந்தது.

அவ்வினாவிற்கு என் அறிவிற்கு எட்டியவாறு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை. சுற்றுச்சூழலைக் காக்க அரசும் நீதிமன்றமும் வகுக்கும் விதிகளால் ஒருவன் வேலையிழப்பானாயின், அவ்விழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படும்? அகிம்சையை முதல் விரதமாகக் கொண்ட சிராவகர் அதனை எவ்வாறு எண்ண வேண்டும்?

முதலில் நடந்தவற்றை நினைவு கொள்வோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28-ஆம் நாள் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு வழங்கிற்று. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், தோல் ஆலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்பதும் அத்தீர்ப்பில் பதிவாகியுள்ளன. திண்டுக்கல் பகுதியில் 13 சிற்றூர்களில் ஆய்வு செய்தபோது 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்பதும் அதில் உள்ளது. வட ஆர்க்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கற்பட்டு ஆகிய பகுதிகளின் ஆலைகள் ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்பதும், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. சுத்திகரிப்பு வசதி செய்துகொள்ளாத ஆலைகள் பல மூடப்பட்டன.

பாலாறு நமக்கு அயலான ஆறன்று. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா எனக் கடந்து வரும் அவ்வாறு, நம் மக்கள் உழுது வாழ்ந்த செய்யாற்றையும், ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தின் அருகே ஓடும் வேகவதியையும் திருமுக்கூடலில் தன்னோடு சேர்த்துக்கொண்டே கடலுக்குச் செல்கிறது. ஆற்றங்கரைக் கிணறுகளில் உப்புக் கரிப்பது என்றால் என்ன என்பதை உழவுத் தொழிலினராகிய நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் இவ்வழக்கைப் பேசும்போது பலரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வேலையா, சுற்றுச்சூழலா என்று இரண்டை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். 35,000 ஹெக்டேர் நிலம் பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்றால், அந்நிலத்தில் நாற்று நட்டோர், களை பறித்தோர், கதிர் அறுத்தோர், ஏற்றம் இறைத்தோர் ஆகியோரின் வேலையும் அன்றே போயிற்று அல்லவா? அவர்களுக்கு எவரும் ஆலை மூடல் அறிவிப்பு ஒட்டவில்லை. ஊர்வலம் போகச் சங்கமும் இல்லை. ஒரு கிணறு கெட்டபோது ஒரு குடும்பமும், மறு கிணறு கெட்டபோது மறு குடும்பமுமாக அவர்கள் ஓசையின்றி வேலையிழந்தனர். அவர்களுள் சிலரும் அவர்தம் மக்களும் அதே தோல் ஆலைகளின் வாயிலில் வேலை கேட்டு நின்றிருக்கக் கூடும் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. எனவே இதனை வேலைக்கும் இயற்கைக்கும் இடையிலான வழக்கு என்று சொல்வதைவிட, கண்ணுக்குத் தெரியும் வேலைக்கும் கண்ணுக்குத் தெரியாமல் போன வேலைக்கும் இடையிலான வழக்கு என்பதே பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. முற்காலத்தில் நம் மாவட்டத்தில் தோலை ஆவாரம் பட்டை முதலியவற்றைக் கொண்டு பதப்படுத்தினர். அதிலும் உயிர்க்கொலையின் பங்கு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. 1970-களில் மைய அரசு, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலும் காலணியும் ஏற்றுமதியாவதை ஊக்குவித்தது. உள்நாட்டில் வேலைவாய்ப்புப் பெருகவேண்டும், அந்நியச் செலாவணி கூடவேண்டும் என்பது நோக்கம். வேலை பெருகியது உண்மை. குரோமியம் கொண்டு பதனிடும் முறையும் அதனோடு பெருகிற்று. வேலைக்காக வகுத்த கொள்கை நீரைக் கெடுத்தது. கால் நூற்றாண்டு கழித்து நீருக்காக வகுத்த கொள்கை வேலையைக் கெடுத்தது. இரண்டு முறையும் முடிவெடுத்தவர் வேறு, விளைவை நுகர்ந்தவர் வேறு.

இனி நம் நூல்களின்பால் வருவோம்.

இல்லறத்தார்க்கு இம்சை சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நால்வகைப்படும் என்பதைச் சிறுவர் பாடசாலையிலேயே கற்கிறோம். எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தான் முற்றிலும் துறக்கவேண்டும். தொழில் செய்து வாழ்வதில் நேரும் உத்யோகி இம்சையை அவனால் முற்றிலும் விலக்க இயலாது, அளவுபடுத்தலாம். அவ்வாறு அளவுபடுத்தும் பொருட்டே நம் ஆசாரியர்களும் பண்டிதர்களும் சில தொழில்களை விலக்கி வைத்தனர். 13-ஆம் நூற்றாண்டில் பண்டிதர் ஆசாதரர் இயற்றிய சாகார தர்மாமிருதம் கொடுந்தொழில்கள் பதினைந்தைக் கூறுகிறது. அப்பட்டியலை இன்று எடுத்து நோக்கினால் வியப்பே மேலிடும். காட்டை வெட்டி விற்றல், கரி சுடுதல், காட்டிற்குத் தீயிடுதல், ஏரி குளங்களை வற்றச் செய்தல், நஞ்சு விற்றல், விலங்கின் தந்தம் முதலிய உறுப்புகளை விற்றல் என்று அது விரிகிறது. சுற்றுச்சூழல் அமைச்சகம் என்ற ஒன்று தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இன்ன இன்ன தொழிலால் வரும் ஊதியம் வேண்டா என்று ஒரு சமுதாயம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு அது. நாம் பெருமை கொள்ளத்தக்கதே.

ஆனால் பெருமை கொள்ளும்போதே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விரதம் என்பது தான் ஏற்பது. ஏரியை வற்றச் செய்து மீன் பிடிக்கும் தொழிலை ஒரு சிராவகன் விட்டான் என்றால், அதனால் வரும் இழப்பை அவனே தாங்கினான். அவன் பிள்ளைகள் ஒரு வேளை குறைவாக உண்டனர். அரசின் ஆணையோ அத்தகையதன்று. ஆணையிடுபவரின் ஊதியம் குறைவதில்லை. அதைப் படித்து மகிழும் நம் ஊதியமும் குறைவதில்லை. ஆலை முதலாளிக்குக் கூட நிலமும் கட்டடமும் மிஞ்சும். நாட்கூலிக்குத் தோல் உரசிக்கொண்டிருந்தவனுக்கு மறுநாள் கூலி இல்லை. பிறர் செலவில் நோற்கப்படும் விரதம் விரதமாகுமா என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்று மண்டபத்தில் நான் தலையசைத்தது எனக்கு ஒரு காசும் செலவில்லாத சம்யமம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிற்கு மீறிய சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. ஐந்தாவதை அன்னபான நிரோதம் என்பர். ஆசாரியர் சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் இதனையே கூறுகிறது. தொழுவத்து மாட்டிற்கு வேளையில் தீனி போடாதிருத்தலே இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணம். மாட்டிற்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்தாதா? கூலி ஒன்றையே நம்பி வாழ்பவனுக்குக் கூலி வரும் வழியை அடைத்துவிட்டு, வேறு வழியைத் திறவாமல் இருப்பதை அன்னபான நிரோதம் என்னாமல் வேறு என்னென்று சொல்வது?

இன்னும் நோக்கினால், நீரைக் கெடுத்த ஆலையும் இதே அதிசாரத்தைத்தான் செய்தது. ஊர் மக்களின் அன்னத்தையும் பானத்தையும் அது தடுத்தது. ஆகவே ஆலையை நடக்கவிட்டால் ஒருவகை நிரோதம். வெறுமனே மூடினால் மற்றொருவகை நிரோதம். இத்தகைய இக்கட்டில் அநேகாந்தத்தைத் துணைக்கு அழைத்து, இதுவும் சரி, அதுவும் சரி என்று கைகழுவிவிடுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அநேகாந்தம் முடிவெடாமைக்குப் பெயரன்று. எந்த நோக்கில் எது உண்மை என்று பிரித்தறிந்து, பின் செயலில் இறங்குவதற்கே அது கருவி. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாசுபடுத்தும் ஆலை நிறுத்தப்படவே வேண்டும். பல ஊர்களின் நீரையும், அந்நீரிலும் மண்ணிலும் உள்ள எண்ணிறந்த உயிர்களையும், இனிப் பிறக்கப்போகும் குழந்தைகளையும் சில ஆயிரம் பேரின் கூலிக்காக அழியவிடுதல் அறமன்று. 1987-இல் கான்பூர்த் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் நீதியரசர் கே. என். சிங், வேலையிழப்பு நேரும் என்பதை அறிந்தே சொல்வதாகக் கூறி, மக்களுக்கு உயிரும் உடல்நலமும் சூழலும் அதனினும் முதன்மையானவை என்ற கருத்தை வெளியிட்டார். அதனை நான் ஏற்கிறேன். ஆனால் வேலையிழந்தவனின் உயிரும் உடல்நலமும் அந்த உயிருக்குள்ளும் உடல்நலத்திற்குள்ளும் அடங்கியவையே.

இங்கே நம்மவர் ஒருவர் எழுந்து, "வேலை போவது அவரவர் வினைப்பயன், லாபாந்தராய கர்மத்தின் உதயம், அதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். இவ்வாதம் ஏற்கத்தக்கதாயின் கசாப்புக் கடைக்காரனும் இதையே சொல்லித் தப்பலாம். ஆட்டின் ஆயுள் கர்மம் தீர்ந்தது என்பான். உபாதானம் அவனுடைய கர்மமே ஆயினும், நிமித்தமாக நின்றவன் பொறுப்பு அதனால் நீங்குவதில்லை. தவிரவும், பிறருடைய பேற்றிற்கும் நுகர்ச்சிக்கும் இடையூறு செய்தலே அந்தராய கர்மம் பந்தமாவதற்குக் காரணம் என்று அதே தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. பிறனுடைய அந்தராயத்தைப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் நமக்கு அந்தராயத்தைத் தேடிக்கொள்கிறோம்.

ஆதி பகவன் செய்ததை எண்ணிப் பாருங்கள். போகபூமியின் காலம் முடிந்து கற்பக மரங்கள் வாடிப்போயின. பசித்த மக்கள் நாபி மன்னரிடம் வந்து முறையிட, அவர் அவர்களை விருஷப தேவரிடம் அனுப்பினார் என்று ஸ்ரீபுராணம் கூறும். மரம் பட்டுப்போனது உங்கள் வினை என்று பகவன் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. உழவு, தொழில், வரைவு, வாணிகம், விச்சை, சிற்பம் என்னும் ஆறையும் கற்பித்தார். உலகில் ஒரு வாழ்வுமுறை முடிந்து மற்றொன்று தொடங்கியபோது, இடையில் நின்ற மக்களுக்கு முதலில் கொடுக்கப்பட்டது தொழிற்பயிற்சி. துறவறத்தை அவர் உபதேசித்தது பின்னர்த்தான். நாம் நாள்தோறும் நீராட்டி வணங்கும் பெருமானின் வரலாற்றிலேயே இவ்வினாவிற்குரிய விடை இருக்க, அதனைக் கதையாகவே கேட்டுவிட்டு எழுந்து வருகிறோம்.

மூடுவதும் தீங்கு, மூடாமையும் தீங்கு என்னும்போது அறவழி எது என்பதற்கு நூல்கள் தரும் அளவுகோல் பிரமாதம் என்பது. கவனக்குறைவோடு கூடிய மன மொழி மெய்களால் உயிருக்கு ஊறு செய்தலே இம்சை. ஈரியா சமிதியோடு நான்கு முழம் முன்னே நோக்கி நடக்கும் முனிவரின் அடியின்கீழ் ஒரு சிற்றுயிர் மடிந்தாலும் அவருக்கு அதனால் பந்தம் இல்லை. நோக்காமல் நடப்பவனுக்கு எதுவும் சாகாவிட்டாலும் பந்தம் உண்டு. இதனை அரசின் செயலுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஆலையை மூடும் ஆணை இம்சையா அன்றா என்பது, எத்தனை பேர் வேலையிழந்தனர் என்ற எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததன்று. அவர்களை முன்னரே நோக்கினார்களா, அவர்களுக்கென வழி செய்தார்களா என்பதைப் பொறுத்தது.

நோக்கி நடந்ததற்கும் நோக்காமல் நடந்ததற்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. 1996-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டெல்லி மாநகரில் இருந்த 168 ஆலைகளை நவம்பர் 30-ஆம் நாளுக்குள் மூடவோ வெளியே கொண்டுசெல்லவோ உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இடம் மாறும் ஆலைகளின் தொழிலாளர்க்கு வேலைத் தொடர்ச்சியும், இடைக்காலத்திற்கு முழு ஊதியமும், குடிபெயர ஓராண்டு ஊதியமும் தரவேண்டும் என்று அதே தீர்ப்பில் விதித்தது. இடம் மாறாமல் அடியோடு மூடப்படும் ஆலைகளின் தொழிலாளர்க்கு ஓராண்டு ஊதியம் கூடுதல் இழப்பீடு என்றிருந்ததை, அவ்வாண்டு டிசம்பரில் ஆறு ஆண்டு ஊதியமாக உயர்த்தியது. அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அச்சட்டப்படி, முதலாளியின் கைக்கு மீறிய தவிர்க்க இயலாத காரணத்தால் ஆலை மூடப்பட்டால், தொழிலாளி எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும் மூன்று மாதச் சராசரி ஊதியத்திற்கு மேல் கேட்க வழியில்லை.

ஆனால் ஆணை வேறு, நடப்பு வேறு. இழப்பீடு பெறவேண்டுமானால் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர், பீஸ் கணக்கில் உழைத்தவர், இன்று இருந்து நாளை வேறு ஆலைக்குப் போகும் நாட்கூலி ஆகியோர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. நீதிமன்றம் கருணையோடு நோக்கிய நான்கு முழ எல்லைக்குள்ளும் அவர்கள் கண்ணில் படவில்லை. டெல்லியில் மட்டுமன்று, பாலாற்றங்கரையிலும் நொய்யல் கரையிலும் இதே நிலைதான்.

நொய்யலின் கதை அண்மைக் காலத்தது. திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவால் அந்த ஆறு நிறம் மாறி ஓடியது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்திற்கு உதவாத சாயக் கழிவின் தேக்கமாயிற்று. ஆற்றுப் பாசன விவசாயிகள் வழக்குத் தொடுத்தனர். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு மாறவேண்டும் என்று 2006-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டும் அது நிறைவேறவில்லை. 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28-ஆம் நாள், 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் ஆணை பிறந்தது. வெளியூர்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்திற்கும் இரயில் நிலையத்திற்கும் சென்றனர்.

பின்னர் நடந்ததையும் சொல்லவேண்டும். அவ்வாண்டே தமிழக அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை படிப்படியாக நிலைபெற்றது. பட்டறைகள் மீண்டும் இயங்கின. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பின்னாளில் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிற்று. சூழலைக் காத்தால் தொழில் அழியும் என்று அன்று அஞ்சியவர்க்கு இது ஒரு விடை. அதற்காக எல்லாம் நன்மையில் முடிந்தது என்று நான் எழுதினால் அது சத்திய விரதத்திற்கு இழுக்கு. சுத்திகரிப்புச் செலவைத் தாங்க இயலாத சிறு பட்டறைகளில் பல திரும்பவே இல்லை. திரும்பிய பட்டறையும் அதே தொழிலாளியைத் தேடிப்பிடித்து அழைக்கவில்லை. ஊரின் கணக்கில் வேலை கூடியிருக்கலாம். ஒருவனுடைய வீட்டுக் கணக்கில் அது கூடிவிடாது. கொள்கை வகுப்போர் ஊர்க் கணக்கைக் காட்டுவர். ஜீவன்தோறும் ஆன்மா தனித்தனி என்று கொண்ட நாம் வீட்டுக் கணக்கையும் கேட்கவேண்டியவர்கள்.

இன்னொரு செய்தி. 2015-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 31-ஆம் நாள் பின்னிரவில், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தோல் கழிவைத் தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சூழலைக் காப்பதற்கென அமைந்த நிலையத்திலேயே இது நேர்ந்தது. அவ்வூரிலேயே மற்றோர் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை அப்படியே விட்டுச் சென்றது. வேலை போயிற்று, நஞ்சு நின்றுவிட்டது. இரண்டு தீமையும் ஒருங்கே நேரலாம் என்பதற்கு அதுவே சான்று. மூடுவது மட்டுமே சூழல் காப்பாகிவிடாது.

எனவே என் கருத்து இது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கோட்பாட்டில், கெட்ட நிலத்திற்கும் கிணற்றிற்கும் உரிய ஈட்டோடு, நிறுத்தப்பட்ட ஆலையின் தொழிலாளர் கூலியையும் சேர்க்கவேண்டும். நீரைச் சுத்திகரிக்காமல் விட்டதால் வந்த மிச்சத்தை அடைந்தவர் முதலாளி. அம்மிச்சத்தால் வந்த வழக்கில் ஆலை மூடப்பட்டால், உழவனைப் போலவே தொழிலாளியும் அக்குற்றத்தால் பாதிக்கப்பட்டவனே. அவனைக் குற்றத்தின் பங்காளியைப் போல நடத்துவது முறையன்று. பதிவேட்டில் பெயர் இல்லை என்பது முதலாளியின் குற்றமேயன்றி அவனுடையதன்று. முதலாளியால் கொடுக்க இயலாதபோது, ஆலைக்கு உரிமம் வழங்கி ஆண்டுக்கணக்கில் பாராமுகமாக இருந்த அரசு கொடுக்கவேண்டும். அதற்காக வரி கூடுமானால் நாம் முணுமுணுக்கலாகாது.

ஏனெனில் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவழியில் வருகிறது. மலிவான சாயம் தோய்த்த பனியனை அணிந்தவர் அனைவரும் நொய்யலில் ஒரு குவளை சாயம் ஊற்றியவரே. தோல் செருப்பு அணியாத குடும்பங்கள் நம்மில் பல உண்டு. சாயத் துணி அணியாத குடும்பம் உண்டா? இதுபோன்றதே வெடி விஷயமும். தீபாவளி மகாவீர பகவானின் நிர்வாணத் திருநாள், அன்று வெடி வெடித்துப் புழு பூச்சிகளையும் பறவைகளையும் வதைக்கலாகாது என்று ஆண்டுதோறும் குழந்தைகளுக்குச் சொல்லிவருகிறோம். மிக நல்லது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் கலந்த வெடியையும் தடைசெய்தபோது மகிழ்ந்தோம். அதே சிவகாசியில் அச்சுத் தொழிலும் உண்டு. வெடி வாங்காமல் மிச்சமான பணத்தில் நம் சங்கத்தின் நாட்காட்டியையும் குழந்தைகளுக்கான நோட்டுப் புத்தகங்களையும் அங்கிருந்து வரவழைத்தால், மறுத்த கையாலேயே கொடுத்ததாகவும் ஆகும். சிறு தொகைதான். ஆயினும் நம் செலவில் நாம் நோற்கும் விரதமாக அது இருக்கும்.

நம் அறக்கட்டளைகள் சில ஆண்டுதோறும் நம் சமுதாய மாணவர்க்குக் கல்வி உதவி வழங்குகின்றன. சூழல் விதிகளால் மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு பகுதியை ஒதுக்கலாம் என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் கூறினேன். நம் பிள்ளைகளுக்கே போதவில்லையே என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் வைக்கலாம் என்று குறித்துக்கொண்டார்கள்.

அவ்விளைஞர் கேட்ட வினாவில் மற்றொரு வினாவும் மறைந்திருந்தது. விலக்கப்பட்ட தொழிலின் நிழலில் தாம் பணியாற்றலாமா என்பதே அது. அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அன்று மாலை வீட்டிற்கு வந்தபோது அவருடைய தாயார்தாம் கேட்டார். தோல் பதனிடுவோர்க்குத் துணைபோவது காரிதம், அனுமோதனம் ஆகாதா என்பது அவ்வம்மையாரின் கவலை. அக்கவலையைத் தவறென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆசாரம் அறிந்த சிலர் அவ்வேலையை விட்டுவிடுமாறே கூறுவர். ஆயினும் அவர் விட்டுவிட்டால் தோல் பதனிடுதல் ஒரு நாளும் நிற்கப்போவதில்லை. கழிவு நீரை அக்கறையோடு அளப்பவர் ஒருவர் குறைவார், அவ்வளவே. அவர் செய்யும் பணியின் நோக்கம் நீர்க்காப்பு. வேறு நல்ல வேலை கிடைக்கும்வரை அங்கேயே இருந்து, உள்ளதை உள்ளவாறே பதிவேட்டில் எழுதி வரட்டும் என்றேன். அளவு கூடும் நாளில் குறைத்து எழுதுமாறு எவரேனும் சொன்னால், அன்றே வெளியேறிவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

தாயாருக்கு இது முழு நிறைவு தரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இளைஞர் மட்டும், குரோமியத்தைப் பிரித்தெடுப்பது அத்தனை கடினமன்று, பச்சைத் தோலில் தடவி வரும் உப்பை நீரிலிருந்து பிரிப்பதற்குத்தான் செலவு மிகுதி என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வீட்டுக் கிணற்று நீரில் ஒரு வாய் அருந்திப் பார்த்து, இங்கே இன்னும் கரிக்கவில்லை என்று சொல்லிவிட்டுச் சென்றார்.